தொலைநோக்கி பிடித்தவர்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறையில் இருபது வருஷத்துக்கு மேல் கழித்துவிட்டு, காது பாதி மந்தமாகி, ஊர் திரும்பியவர். சிறுபத்திரிகைகளைத் தவறாமல் படிப்பவர், ஆனால் எழுதாதவர். (எழுதாமல் படிக்க மட்டும் செய்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அவரை நாம் எல்லோரும் சேர்ந்து தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும்.) சென்ற மாசியில் திருவெள்ளறையிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கனத்த புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம் அமர்த்திய ஓவியர்களைப் பற்றியது. அவர் விரல் வைத்திருந்த பக்கத்தில் எரிக் கென்னிங்டன் 1940இல் பாஸ்டலில் வரைந்த ஒரு முகம். எக்ஸெடர் என்ற போர்க்கப்பலின் கொதிகலன் அறையில் வேலை செய்த மார்ட்டின் என்ற ஸ்டோக்கருடையது.

“அட்மிரலுக்குப் படம் இருக்கறதுல அதிசயமில்லை. அடியில கிடக்கறவனுக்கும் ஒண்ணு இருக்கே, அதுதான் விஷயம். நம்ம பக்கத்துல இப்படி ஏதாவது உண்டா, சொல்லும் ஓய்” என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. எக்ஸெடர், 1939 டிசம்பரில் தென்னமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு வெளியே கிராஃப் ஸ்பே என்ற ஜெர்மன் கப்பலோடு மோதி, சின்னாபின்னமாகித் திரும்பிய கப்பல். 1942 மார்ச்சில் ஜாவாக் கடலில் மூழ்கியது. கென்னத் கிளார்க் தலைமையில் 1939 நவம்பரில் அமைந்த யுத்த ஓவியர் குழு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளைச் சேர்த்தது. அதன் ஓவியர்களில் ஆன்டனி கிராஸ் இந்தியாவுக்கும் பர்மா எல்லைக்கும் வந்து வரைந்தார். ஆனால் நண்பர் கேட்டது அதுவல்ல. நம் பக்கத்து எஞ்சினியர், நம் பக்கத்து முகம். ராயல் இந்தியன் மரீனில் அதிகாரப் பதவி பெற்ற முதல் இந்தியரான டி. என். முகர்ஜி எஞ்சினியர்தான், ஆண்டு 1928. அவர் வங்காளி.

பஸ்ஸில் கொள்ளிடம் பாலம் தாண்டும்போதுதான் அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. கேள்விக்கு நேரான பதில் அல்ல அது. எஞ்சினியர் கடற்படைக்காரர் அல்ல, ராணுவத்தைச் சேர்ந்தவர். ஓவியர் யுத்தத்தை ஒட்டி வாழ்ந்தவர். ஆனால் படம் வரைந்த வருஷத்தில் அவருடைய யுத்தம் முடிந்து பதினேழு வருஷமாகியிருந்தது. படத்தில் எஞ்சினியருக்குப் பின்னால் நிற்கும் ஒருவர்தான் நண்பரின் கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. ஆனால் அவரிடம் போய்ச்சேர மற்ற இருவரையும் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

படம், தாமஸ் ஹிக்கி 1816இல் சென்னையில் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய கர்னல் காலின் மெக்கென்ஸியின் உருவச்சித்திரம். இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சிவப்புக் கம்பெனி உடுப்பில் மெக்கென்ஸி நிற்கிறார். அவரோடு இந்தியர் மூவர். ஒருவர் கையில் பனையோலைச் சுவடி. இன்னொருவர் கையில் பித்தளைத் தொலைநோக்கி. தூரத்தில், குன்றின் மேல், கார்கலாவின் கோமடேசுவரர்: 1432இல் நிறுத்தப்பட்ட, நாற்பது அடிக்கு மேல் உயரமான ஒற்றைக் கல் சிலை. சுவடி வைத்திருப்பவர் ஜைன பண்டிதர் தர்மையா என்றும், மற்றொரு பண்டிதர் காவலி வேங்கட லக்ஷ்மையா என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பண்டிதர்களில் யார் யார் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கிடையே இழுபறி உண்டு. தொலைநோக்கிக்காரர் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. அவர் கிஷ்ணாஜி. பியூன்.

ஒரு பியூனின் அடையாளம் நிச்சயமாகவும் பண்டிதர்களின் அடையாளம் தடுமாற்றமாகவும் இருக்கும் இன்னொரு சித்திரத்தை நான் பார்த்ததில்லை.

ஹிக்கியைப் பற்றிக் கொஞ்சம். 1741இல் டப்ளினில் பிறந்தவர். இத்தாலியில் பயின்றவர். சொந்த ஊரில் பெரிய பெயர் கிடைக்காமல் 1780இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் பிரெஞ்சு-ஸ்பானியக் கூட்டுக் கப்பற்படையிடம் பிடிபட்டது. காடிஸில் இறக்கப்பட்டு, லிஸ்பன் போய், அங்கே வருஷக்கணக்கில் முகங்கள் வரைந்து பிழைத்து, 1784இல்தான் கல்கத்தா வந்து சேர்ந்தார். இந்த ஆள் யுத்தத்தைத் தேடிப் போகவில்லை. யுத்தம்தான் அவரைத் தேடி வந்தது. பிறகு மெக்கார்ட்னியின் சீனத் தூதுக் குழுவில் அதிகாரபூர்வ உருவ ஓவியராகப் போனார். அங்கே ஏறக்குறைய ஒன்றும் வரையவில்லை. நமக்கு இன்று கிடைக்கும் சீனக் காட்சிகளில் பெரும்பாலானவை அவருக்குக் கீழே இருந்த வில்லியம் அலெக்சாண்டரின் கைவேலை. சோம்பேறி என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் முகத்துக்காரர். முகம் கொடுத்து உட்கார ஆள் இல்லாத இடத்தில் அவருக்கு வேலை இல்லை.

1798இல் மறுபடி இந்தியா, இந்த முறை சென்னை. அடுத்த வருஷம் நான்காம் மைசூர் யுத்தம். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கோட்டைக்குள் செத்துக் கிடந்தார். காவேரிக்கு மூன்று ரங்கங்கள் என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வார்கள் - மேலே ஆதிரங்கம், நடுவில் சிவசமுத்திரத்து மத்தியரங்கம், கீழே நம்முடைய அந்தரங்கம். நம் ரங்கத்துக்கும் யுத்தம் புதிதல்ல, 1752இல் பிரெஞ்சுப் படை ஒன்று இந்தத் தீவில்தான் சரணடைந்தது. ஆனால் சித்திரக்காரர்கள் வந்தது ஆதிரங்கத்துக்கு.

வந்தவர்களிலும் வராதவர்களிலும் ஒரு விசித்திரம். லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் 1800இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை நூற்றிருபது அடி நீளத்துக்கு வரைந்து, லைசியத்தில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் அலைமோதியது. அவர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. ஹிக்கி ஸ்தலத்துக்கு அருகில் இருந்தவர். ஏழு பெரிய சரித்திரச் சித்திரங்கள் தீட்டப்போவதாகத் திட்டமெல்லாம் போட்டார். அந்தப் பெரிய திட்டம் நிறைவேறவில்லை. மிஞ்சியது முகங்கள். யுத்தத்தில் பங்குபெற்ற ஆங்கில அதிகாரிகளைச் சாக்குக் கட்டியில் வரைந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைகள், திப்புவின் பிள்ளைகள், திவான் பூர்ணையா. போர்ட்டரிடம் புகையும் வாளும் இருந்தன. ஹிக்கியிடம் புகை அடங்கினபின் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். எனக்கு ஹிக்கிதான் யுத்த ஓவியர். போர்ட்டர் நோட்டீஸ் ஒட்டுகிறவர்.

இதே காலத்தில் ஹிக்கி தீட்டிய இன்னொரு படத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கர்னல் வில்லியம் கர்க்பாட்ரிக் தன் உதவியாளர்களோடு இருக்கும் படம். டப்ளினில் அயர்லாந்து தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. கர்க்பாட்ரிக் பாரசீகம் தெரிந்தவர், மொழிபெயர்ப்பு அதிகாரி. அவரைச் சுற்றி இந்திய உதவியாளர்கள். அவர்கள் முகங்களும் பொறுப்போடுதான் தீட்டப்பட்டிருக்கின்றன, பொம்மைகள் அல்ல. ஆனால் படத்தின் தலைப்பில் அவர்கள் ‘உதவியாளர்கள்’, அவ்வளவுதான். மெக்கென்ஸி படத்தின் அமைப்பு இதன் தொடர்ச்சி. நடுவே துரை, பக்கத்தில் அறிவு, பின்னால் சேவகம். இந்த அமைப்பை ஹிக்கி கண்டுபிடிக்கவில்லை; அவருக்கு முன்பே இந்தியாவுக்கு வந்த ஓவியர்கள் பலர் கையாண்ட ஒன்று. ஹூக்காக்காரனும் குடைக்காரனும் இல்லாத துரை படம் ஏது? வித்தியாசம், மெக்கென்ஸியின் பின்னால் நிற்பவர்கள் ஹூக்கா வைத்திருக்கவில்லை என்பதுதான்.

மெக்கென்ஸி ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே என்ற துறைமுகத்தில் பிறந்தவர். அங்கே சுங்க அதிகாரியாக இருந்துவிட்டு 1783இல் சென்னை வந்தார். முதலில் காலாட்படை, பிறகு எஞ்சினியர். கடற்படைக்காரர் இல்லாவிட்டாலும் கடல் அவரை விடவில்லை. 1796இல் கொழும்பு, 1811இல் ஜாவா, இரண்டும் கப்பல் ஏறிப் போன யுத்தங்கள், இரண்டிலும் எஞ்சினியர் வேலை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிஜாமின் படையோடு வந்த எஞ்சினியர். எஞ்சினியர் என்றால் அன்று பாலம் கட்டுகிறவர் மட்டும் அல்ல. எந்த மேட்டில் பீரங்கி ஏற்றினால் எந்தச் சுவர் சரியும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறவர். இந்தக் கணக்குக்குத்தான் முதலில் தொலைநோக்கி. யுத்தம் முடிந்ததும் அதே தொலைநோக்கி மைசூர் ஸர்வேக்குப் போனது. பத்து வருஷ வேலை, நாற்பதாயிரம் சதுர மைல். (அதே சமயத்தில் லாம்டன் தன் முக்கோண அளவையோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அவருடைய அரை டன் கருவி கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. ஆறு வாரம் தன் கையாலேயே தட்டி நிமிர்த்தினார். அவருக்கும் ஓர் உருவச்சித்திரம் உண்டு, வில்லியம் ஹாவெல் தீட்டியது. அதில் கயிறு இழுத்தவர்கள் யாரும் இல்லை.)

மெக்கென்ஸி நில அளவையோடு நிற்கவில்லை. ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சுவடி, கல்வெட்டுப் பிரதி, வம்சாவளி, கோவில் கதை, கணக்கு, நாணயம் எல்லாம் சேர்த்தார். கைபீதுகள் என்று நமக்குப் பரிச்சயமானவை அப்படி வந்தவைதான். 1828இல் வில்ஸன் அச்சிட்ட பட்டியலில் கல்வெட்டுப் பிரதிகள் மட்டும் 8,076. நாணயங்கள் 6,218. சித்திரங்கள் 2,630. ஆயிரத்தைந்நூற்றுக்கும் மேல் சுவடிகள். அவர் 1821 மே மாதம் கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதியில், படகிலேயே இறந்தார். விதவை இந்தச் சேகரிப்பைக் கம்பெனிக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்றார். பாகம் பிரிந்து லண்டன், கல்கத்தா, சென்னை என்று போயிற்று. சென்னைப் பாகத்தின் சாரத்தை டி. வி. மகாலிங்கம் 1972இலும் 1976இலும் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடுகளாகக் கொண்டுவந்தார். நம் நாவலாசிரியர்களில் சிலர் அதில் கைவைத்திருக்கிறார்கள். இன்னும் பலர் கைவைக்கலாம்.

இவ்வளவுக்கும் மெக்கென்ஸிக்கு நம் மொழி ஒன்றுகூடச் சரியாகத் தெரியாது. அதை அவரே 1817இல் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறார். கண் அவருடையது. காது, நாக்கு, கை எல்லாம் பிறருடையவை. காவலி வேங்கட போரய்யா என்ற தெலுங்குப் பிராமண இளைஞர் 1796 வாக்கில் வந்து சேர்ந்த பிறகுதான் தனக்குக் கதவு திறந்தது என்று அதே கடிதத்தில் சொல்கிறார். போரய்யா 1803இல், இருபத்தாறு வயதில் இறந்தார். தம்பி லக்ஷ்மையா அந்த இடத்துக்கு வந்தார். ஜைனர்களைப் பற்றி மெக்கென்ஸி பெயரில் ‘ஏசியாடிக் ரிசர்ச்சஸ்’ ஒன்பதாம் தொகுதியில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே மொழிபெயர்ப்பாளர் போரய்யாவின் பெயர் இருக்கிறது. அந்த நாளில் அது சாதாரண விஷயமல்ல. அவர்களுக்கும் கீழே நிதல நைனா, பாபு ராவ், அப்பாவு என்று ஊர் சுற்றியவர்கள். கணக்குப்பிள்ளை கதவைச் சாத்திக்கொள்வார், ஸ்தானிகர் ஓலை இல்லை என்பார். கம்பெனி ஆள் பழைய கணக்கு கேட்டால் அடுத்தது வரி என்று ஊருக்குத் தெரியாதா? அப்படியும் கேட்டு வாங்கி, எழுதி, மாதாமாதம் அறிக்கை அனுப்பினார்கள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. சொல்லாமல் விட்டால் இந்தப் படத்தை நான் ஏன் இப்படிப் பார்க்கிறேன் என்பது விளங்காது.

1978இல், படித்துவிட்டு வேலையில்லாமல் திருவெள்ளறையில் இருந்தபோது, ஒரு ஆராய்ச்சியாளர் வந்தார். புண்டரீகாக்ஷப் பெருமாள் கோவில் கல்வெட்டுகளுக்கு மறுபடியும் மைப்படி எடுக்க வேண்டும், உள்ளூரில் ஒரு பையன் வேண்டும் என்றார். நான் போனேன். மைப்படி எடுப்பது பார்வைக்கு எளிது. கல்லைத் தேங்காய் நார்ப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வௌவால் எச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் வருஷக்கணக்கில் ஏறியிருக்கும். காகிதத்தை நனைத்துக் கல்லோடு ஒட்டி, மயிர்ப் பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ரொம்ப அடித்தால் கிழியும், போதாமல் அடித்தால் எழுத்து விழாது. பிறகு துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றி எடுக்க வேண்டும். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மேடு கறுக்கும். காய்ந்ததும் உரிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மூன்று மாதம் செய்தேன். இரண்டாம் மாதத்தில் ஒரு விஷயம் நடந்தது: அவர் ‘சிதைந்தது’ என்று குறித்துக்கொண்ட ஒரு வரியை, காலை ஆறரை மணிக்குச் சாய்வாக விழும் வெளிச்சத்தில், விரலால் தடவி நான் வாசித்துவிட்டேன். ஆறு எழுத்துக்கள். ஒரு நிலத்தின் எல்லை. அவர் சந்தோஷப்பட்டார், காப்பி வாங்கிக் கொடுத்தார்.

பல வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. அந்த வரி அதில் இருந்தது. முன்னுரையில் ‘உள்ளூர் அன்பர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று ஒரு வாக்கியமும் இருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. வேண்டுமென்று செய்யவில்லை, அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும் அன்று பெரிய கோபம் வரவில்லை. கோபம் வந்தது நாற்பது வயதுக்கு மேல், ஹிக்கியின் படத்தை முதன்முதலாக ஒரு புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்தபோது. அதுவும் ஆராய்ச்சியாளர் மேல் அல்ல, படத்தின் மேலும் அல்ல. யார் மேல் என்று இன்றுவரை எனக்கே தீர்மானமாகவில்லை.

மெக்கென்ஸியைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே ஒரு வழக்கு நடந்து வருகிறது. நிக்கலஸ் டர்க்ஸ், காலனிய ஆவணக் கிடங்கு உள்ளூர்க் குரல்களை உறிஞ்சிக்கொண்டு, அவற்றைக் கச்சாப் பொருளாக ஆக்கி, பேசியவர்களை மறைத்துவிட்டது என்று வாதிட்டார். ஃபிலிப் வாகனர் 2003இல் இதை மறுத்தார். காவலி சகோதரர்கள் போன்ற நியோகிப் பிராமணர்கள் நவாபின் ஆட்சியில் கணக்கு, மொழி, எழுத்து என்று ஏற்கெனவே தேர்ந்த உத்தியோக மரபைச் சேர்ந்தவர்கள். கல்வெட்டைச் சரித்திரச் சான்றாகப் படிக்கும் முறையே அவர்களும் மெக்கென்ஸியும் சேர்ந்து உருவாக்கியது, அவர்கள் வெறும் தகவல் சுமந்தவர்கள் அல்ல என்றார். ரமா மந்தேனாவும் இந்தப் பக்கத்தில் நின்று மேலே கொண்டுபோனார். நம் சிறுபத்திரிகைகளில் முதல் வாதம் வந்த வேகத்தில் இரண்டாவது வாதம் வரவில்லை. காலனியம் என்ற சொல்லைப் போட்டுவிட்டால் படிக்க வேண்டிய வேலை முடிந்துவிடுகிறது என்ற சௌகரியம் ஒரு காரணமாயிருக்கலாம்.

என் அபிப்பிராயம் இரண்டுக்கும் இடையில் அல்ல, வேறு ஒரு பக்கத்தில். இரண்டு தரப்பும் பேசுவது பண்டிதர்களைப் பற்றி. மறைக்கப்பட்டவர்கள் என்றாலும் பண்டிதர்கள், கூட்டாளிகள் என்றாலும் பண்டிதர்கள். தொலைநோக்கிக்காரர் எந்தத் தரப்பிலும் இல்லை. ஆனால் படத்தில் இருக்கிறார்.

அவரை ஹிக்கி எப்படித் தீட்டியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொலைநோக்கி அவருடைய கண்ணுக்கு அல்ல. துரை கை நீட்டும்போது கொடுப்பதற்கு. சுவடியைப் பிடித்திருப்பவர் அதைப் படிக்கவும் தெரிந்தவர் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். தொலைநோக்கியைப் பிடித்திருப்பவர் அதன் வழியே பார்த்திருப்பாரா என்ற கேள்வி யாருக்கும் எழாது. எழ வேண்டும். பதினைந்து இருபது வருஷம் ஒரு ஸர்வேயரோடு மலைமலையாக ஏறியவர், கண்ணாடியைத் துடைத்து, குழலை இழுத்து, தூரத்துக்குத் தக்கபடி சரிசெய்து நீட்டுகிறவர், ஒரு தடவைகூடக் கண் வைத்துப் பார்க்காமலா இருந்திருப்பார்? என் நண்பர் எஞ்சின் அறைக்காரர் என்பதால் இதை உடனே புரிந்துகொண்டார். “மெஷின்கூட நிக்கறவனுக்கு அது சத்தம் மாறினா தெரியும். சீஃப்புக்கு அப்புறந்தான் தெரியும்” என்றார்.

ஹிக்கியை இங்கே பாராட்ட ஒரு காரணம் இருக்கிறது. அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. யுத்தக் காலத்தில் துரைகளின் தலைகளை வரைந்த கை. கிஷ்ணாஜிக்கு அந்தப் படத்தில் தலைப்பாகையும் வேலையும் மட்டும் கொடுத்திருந்தால் போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்யவில்லை. அவர் ‘ஒரு பியூன்’ அல்ல, ஒரு ஆள். உட்கார வைத்து, அல்லது நிற்க வைத்து, பார்த்து வரைந்த முகம். ஓவியத்தில் முகம் என்பது பெயருக்கு முந்தைய விஷயம். பெயர் எப்படியோ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கர்க்பாட்ரிக் படத்தில் முகம் இருந்தும் பெயர் ஒட்டவில்லை. கைபீதுகளில் பெயர் இருந்தும் நிதல நைனாவுக்கோ அப்பாவுவுக்கோ முகம் இல்லை. இரண்டும் சேர்ந்தது கிஷ்ணாஜிக்கு. தற்செயல்தான். தற்செயலைத் தவிர வேறு எதையும் நம்புவதற்கு அந்தக் காலத்தில் பியூன்களுக்கு இடம் இருக்கவில்லை.

பண்டிதர்களின் கதை அப்படி நல்லபடியாக முடியவில்லை. மெக்கென்ஸி இறந்த பிறகு லக்ஷ்மையா சென்னைக்குத் திரும்பினார். சேகரிப்பைத் தொடர வேண்டும், ஆட்களை வைத்து விட்டுப்போன ஊர்களை முடிக்க வேண்டும், அதைத் தானே நடத்துகிறேன் என்று 1830களில் திட்டம் எழுதிக் கொடுத்தார். அது கல்கத்தா ஏசியாடிக் சொசைட்டிக்குப் போனது. 1836இல் ஜேம்ஸ் பிரின்ஸெப்பின் அபிப்பிராயம் வந்தது. இந்த வேலைக்கு லக்ஷ்மையாவின் தகுதி போதாது, எந்த இந்தியனின் தகுதியும் போதாது என்பது அதன் சாரம். வேலை பாதிரியார் வில்லியம் டெய்லரிடம் போயிற்று. பிரின்ஸெப் யார் என்பது நமக்குத் தெரியும். அடுத்த வருஷமே அசோகன் கல்வெட்டுகளின் எழுத்தைப் படித்து முடித்தவர், சரித்திரம் தெரிந்த ஒவ்வொருவரும் கையெடுத்துக் கும்பிடுகிறவர். அதே கை எழுதிய வரி இது. மெக்கென்ஸி அருகில் இருந்தவரை லக்ஷ்மையா படத்துக்குள் நின்றார். அவர் போனதும் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டார். 1816இன் படத்தை 1836இலிருந்து பார்த்தால், சிவப்பு உடுப்பு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைவிட, அது போனால் மற்றவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

திருவெள்ளறைக்கு வருகிறவர்களை நான் முதலில் கோவிலுக்கு அழைத்துப் போவதில்லை. வெள்ளைப் பாறையும் முடியாமல் நிற்கும் கோபுரமும் எங்கும் போய்விடாது. ஸ்வஸ்திக வடிவத்தில் வெட்டிய கிணற்றுக்குத்தான் முதலில். நாலு பக்கமும் படி இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு திருப்பம் திரும்புவதால், ஒரு துறையில் குளிப்பவரை மற்றத் துறைக்காரருக்குத் தெரியாது. மாமியார் மருமகள் கிணறு என்று ஊரில் பெயர். தந்திவர்ம பல்லவனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டு. வெட்டுவித்தவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன். கிணற்றுக்கு மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயரிட்டு, நிலையாமையைச் சொல்லும் ஒரு பாட்டையும் கல்லில் பொறிக்கச் செய்தார். ஆயிரத்திருநூறு வருஷமாகிறது. பெயர் இருக்கிறது. மண் சுமந்தவர்கள் எத்தனை பேர், கல்லில் உளி பிடித்தவர் யார் என்று அவரும் எழுதவில்லை. ஆக, சிவப்பு உடுப்பை மட்டும் சொல்லி என்ன பயன்? கம்பன் அரையனுக்குப் பின்னால் ஒரு கிஷ்ணாஜியை நிறுத்தி வரைய அந்த ஊரில் ஹிக்கி இல்லை.

2017இல் இந்தப் படம் மெக்கென்ஸி பிறந்த ஸ்டோர்னவேக்குப் போயிற்று. அங்கே ஒரு கண்காட்சியில், அவர் சேகரித்த சில பொருள்களோடு வைத்தார்கள். தீவுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளையைப் பார்க்க வந்திருப்பார்கள். அவருக்குப் பின்னால் நிற்பவரைப் பற்றி யாராவது விசாரித்தார்களா, யாராவது குழந்தை விரல் நீட்டிக் கேட்டதா என்று நினைத்துக்கொள்வேன்.

பங்குனியில் நண்பரைப் பார்க்க மறுபடி போனேன். படத்தை வண்ணத்தில் அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காகிதத்தைக் கண்ணருகில் கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்தார். துரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சுவடியையும் கேட்கவில்லை. தொலைநோக்கியைக் காட்டி, “இது இழுத்து நீட்டற டைப். தூக்கிண்டு மலை ஏறினா கனமாத்தான் இருந்திருக்கும்” என்றார். பிறகு பெயர் கேட்டார், சொன்னேன். காது மந்தம், இரண்டாவது தடவை உரக்கச் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

“லாக் புஸ்தகத்துல எங்க பேரெல்லாம் வராது ஓய்” என்றார் நண்பர். “சீஃப் கையெழுத்து மட்டுந்தான் போகும்.” காகிதத்தை மடிக்காமல், கென்னிங்டனின் ஸ்டோக்கர் இருந்த பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார்.